இல்லாத சுவரை அளப்பது எப்படி?

பெர்லின் நகரின் நடுவே பிரஷ்ய மன்னர்களின் அரண்மனை ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டுபட்டு எரிந்த அதன் மிச்சத்தை 1950-இல் கிழக்கு ஜெர்மனி அரசு வெடிவைத்துத் தகர்த்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2002-இல், ஒன்றுபட்ட ஜெர்மனியின் நாடாளுமன்றம் அந்த அரண்மனையின் பரோக் முகப்புகளை மூன்று பக்கங்களில் பழையபடியே எழுப்புவது என்று முடிவு செய்தது. பழையபடி என்று சொல்வது எளிது. சன்னலின் அகலம் எத்தனை சென்டிமீட்டர்? மேல்மாடிக் கொடுங்கை சுவரைவிட்டு எவ்வளவு முன்தள்ளி நின்றது? தூணுக்கும் தூணுக்கும் இடையே எவ்வளவு? இதற்கெல்லாம் விடை சொல்லும் முழுமையான வரைபடத் தொகுதி எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. டேப்பைப் பிடித்து அளக்கலாம் என்றால் சுவரே இல்லை.

இருந்தும் அளந்தார்கள். அரண்மனை நின்றிருந்த காலத்தில் பெரிய கண்ணாடித் தகடுகளில் எடுத்து வைத்திருந்த படங்களைப் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் கணினியில் ஏற்றி, அவற்றிலிருந்து முகப்பின் அளவுகளை மீட்டார்கள். அந்தத் தகடுகளை எடுத்தவர்களுக்கு அரண்மனை தகர்க்கப்படும் என்பது தெரியாது. ஆனால் என்றைக்காவது யாராவது அளக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தே எடுத்திருந்தார்கள். இன்றே அளந்தாக வேண்டிய கட்டாயமில்லை, பின்னால் அளக்க முடிகிற மாதிரி படமெடுத்து வைத்தால் போதும் என்பதுதான் போட்டோகிராமெட்ரி எனப்படும் ஒளிப்பட அளவியலின் ஆதார எண்ணம். செல்பேசிச் செயலிவரை வந்துவிட்ட இந்தத் துறையைப் பற்றி இப்போது பேசுகிறவர்கள் பெரும்பாலும் மென்பொருளைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் மென்பொருள் இரண்டாம்பட்சம்.

இந்த எண்ணம் பிறந்ததற்கு ஓர் உயிர்ப்பயம் காரணம். 1858-இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் ஊர்ப் பேராலயத்தை அளந்து வரையும் வேலை ஆல்பிரெக்ட் மைடன்பவர் என்ற 24 வயதுக் கட்டடக் கலைஞருக்கு வந்தது. சாரம் கட்டினால் செலவு. ஆகவே மேலிருந்து கயிற்றில் தொங்கும் ஒரு கூடையில் நின்றபடி சுவரை அளந்துகொண்டு போனார். ஒரு மாலை, ஏறத்தாழ 25 மீட்டர் உயரத்தில், கூடையிலிருந்து கோபுரச் சன்னலுக்குள் காலெடுத்து வைக்கும்போது கூடை சுவரைவிட்டு விலகத் தொடங்கியது. ஒரு கையால் சன்னல் விளிம்பைப் பற்றிக்கொண்டு, காலால் கூடையை உதைத்துத் தள்ளி, உதைத்த வேகத்திலேயே உள்ளே விழுந்து பிழைத்தார். படியிறங்கி வரும்போதே அவருக்கு ஒரு கேள்வி எழுந்துவிட்டது. கட்டடத்தை ஓரிடத்தில் நின்று பார்த்து வரைவதற்குக் கணித விதிகள் இருக்கின்றன. கேமராவும் அந்த விதிகளின்படிதான் படம் பிடிக்கிறது. அப்படியானால் அதே விதிகளைப் பின்னோக்கி ஓட்டிப் படத்திலிருந்து கட்டடத்தின் அளவை எடுக்க முடியாதா? (வெட்ஸ்லார் என்றதும் கேமராப் பிரியர்களுக்கு லைக்கா நினைவுக்கு வந்திருக்கும். அதே ஊர்தான். ஆனால் முதல் லைக்கா உருவாக இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.)

பிரான்சில் எமே லோஸ்டா என்ற ராணுவப் பொறியாளர் இதே கேள்வியை நில அளவைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆகவே யார் முதல் என்பதில் இரண்டு நாட்டாருக்கும் பழைய வழக்கு உண்டு. போட்டோகிராமெட்ரி என்ற பெயர் 1867-இல் மைடன்பவரின் கட்டுரைத் தலைப்பாகத்தான் அச்சேறியது.

வெட்ஸ்லாரில் கூடை விலகிய அதே 1858-இல், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான கேப்டன் லினேயஸ் ட்ரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் படமெடுத்தார் என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. சுவரை ஒட்டிக் கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடி நீளச் சுருளாக ஆக்கினார். நீண்ட முகப்பை ஆவணப்படுத்த இன்றைய நிபுணர் செய்வதும் இதே நகர்வுதான். ஆனால் ட்ரைப்புக்கு வேண்டியிருந்தது எழுத்தைப் படிக்க ஒரு படம். மைடன்பவருக்கு வேண்டியிருந்தது படத்திலிருந்து ஓர் எண். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் வடிவியலால் ஆனது.

லென்ஸின் மையத்தை ஒரு புள்ளியாக நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தின் ஒவ்வோர் இடத்திலிருந்தும் புறப்படும் ஒளிக்கதிர் அந்தப் புள்ளி வழியாக நேர்க்கோட்டில் போய்த் தகட்டில் விழுகிறது. ஆகவே தகட்டில் பதிந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு திசையைக் குறிக்கிறது. எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் படம் பிசகாமல் சொல்லும், எவ்வளவு தொலைவில் என்பதைச் சொல்லாது. பக்கத்தில் இருக்கும் சிறிய சன்னலும் தூரத்தில் இருக்கும் பெரிய சன்னலும் படத்தில் ஒரே அளவாக விழலாம். ஒற்றைப் படத்தின் குறை இதுதான்.

தெருவில் இரண்டு இடங்களில் நிற்கும் இருவர் தென்னையில் ஒரே குலையை விரல் நீட்டிக் காட்டுகிறார்கள் என்று வையுங்கள். இரண்டு விரல்களையும் கோடாக நீட்டினால் அவை குலையில்தான் சந்திக்கும். இருவருக்கும் இடையிலான தூரமும் விரல்களின் கோணமும் தெரிந்தால், மரமேறாமலே குலையின் உயரம், தொலைவு எல்லாம் முக்கோணக் கணக்கில் வந்துவிடும். போட்டோகிராமெட்ரியின் சாரம் அவ்வளவுதான். ஒரே புள்ளி குறைந்தது இரண்டு படங்களில், இரண்டு வெவ்வேறு நிலைகளிலிருந்து பதிந்திருக்க வேண்டும்.

அதற்குக் கேமராவின் உள்ளமைப்பு தெரிய வேண்டும்: லென்ஸுக்கும் தகட்டுக்கும் இடையே எவ்வளவு தூரம், தகட்டின் எந்த இடம் லென்ஸின் நேர் மையம் என்பவை. சாதாரணக் கேமராவில் இவை ஒவ்வொரு முறையும் மாறும். மைடன்பவர் தனக்கென்றே கேமரா செய்துகொண்டார். குவியத் தூரம் மாறாதபடி இறுக்கிய பெட்டி, 40 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் வரை பெரிய கண்ணாடித் தகடு, படத்தோடு சேர்ந்து பதியும் அளவுக் குறிகள். காகிதம் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். கண்ணாடி அப்படியே இருக்கும். அந்தக் குறிகளும் கண்ணாடியும் இருந்ததால்தான் அவர் காலத்துத் தகடுகளை ஒரு நூற்றாண்டு கழித்துக் கணினியில் ஏற்றி அளக்க முடிந்தது.

1885-இல் பிரஷ்ய அரசு அவர் தலைமையில் பெர்லினில் அளவைப்பட நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. அவர் நோக்கம் நாட்டின் முக்கியக் கட்டடங்கள் அத்தனையையும் படமெடுத்து ஒரு காப்பகம் ஆக்குவது. வரைபடம் இப்போது தேவையில்லை என்றால் வரைய வேண்டாம், தகடு அலமாரியில் இருக்கட்டும். 1920 வாக்கில் அலமாரிகளில் சுமார் 20,000 தகடுகள் சேர்ந்திருந்தன. கட்டடங்கள் ஆயிரத்துக்கு மேல். அவற்றில் பலவற்றை அடுத்த உலகப் போர் விழுங்கியது. அந்த நிறுவனம் இயங்கிய பாவ்அகடமி கட்டடமே போரில் சேதமுற்று, 1962-இல் இடிக்கப்பட்டது. தகடுகள் பெரும்பாலும் தப்பின. பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டோர்ஃபில், பிராண்டன்பர்க் மாநிலத்தின் நினைவுச்சின்னப் பாதுகாப்பு அலுவலகத்தில் இன்றும் இருக்கின்றன. அரண்மனையின் புதிய உருவான ஹம்போல்ட் மன்றம் 2021-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இப்படிப் போன கட்டடத்தைத் திரும்பக் கட்டலாமா, கட்டினால் அது பழைய கட்டடமா என்ற சண்டை ஜெர்மனியில் ஓயவில்லை. அளவியலுக்கு அந்தச் சண்டையில் கருத்தில்லை.

படமெடுத்த விதம் எவ்வளவு முக்கியம் என்பதை ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகள் இன்னும் கடுமையாகக் காட்டின. 2001 மார்ச்சில் தாலிபான்கள் அவற்றைத் தகர்த்தபின், சூரிச்சின் இடிஹெச் பல்கலைக்கழகத்தில் ஆர்மின் க்ரூன் குழுவினர் பெரிய சிலையைக் கணினியில் மீட்டெடுக்க முயன்றார்கள். இணையத்தில் கிடைத்த படங்கள், சுற்றுலாப் பயணி ஒருவர் எடுத்த படங்கள், 1970-இல் ஆஸ்திரிய அளவியலாளர் ராபர்ட் கோஸ்ட்கா அளவைக் கேமராவில் எடுத்த படங்கள் என மூன்று வகையையும் தனித்தனியே பரிசோதித்தார்கள். அங்கியின் மடிப்புகள்வரை நம்பகமாக மீட்டுத் தந்தவை கோஸ்ட்காவின் மூன்றே மூன்று படங்கள்.

மைடன்பவர் காலத்தில் ஒவ்வொரு புள்ளியையும் மனிதர் தேடிக் கோடு போட்டு வெட்டுப்புள்ளி காண வேண்டும். ஒரு முகப்புக்கு வாரக்கணக்கில் ஆகும். அந்தத் தேடலைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்ததுதான் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளின் மாற்றம். 1999-இல் கனடாவின் டேவிட் லோ, படம் பெரிதானாலும் சிறிதானாலும் திரும்பினாலும் அதே புள்ளியை அடையாளம் காணும் ஒரு வழியைச் சொன்னார். ஒரு பூச்சு உதிர்ந்த மூலை, ஒரு கறை, செதுக்கலின் ஒரு விளிம்பு ஆகியவற்றைச் சுற்றியுள்ள ஒளி–நிழல் அமைப்பை எண்களாகக் குறித்துக்கொண்டு, அடுத்த படத்தில் அதே எண்கள் எங்கே இருக்கின்றன என்று கணினி பார்க்கும். இப்படி ஆயிரக்கணக்கான பொதுப் புள்ளிகள் கிடைத்ததும், அத்தனை கதிர்களும் அதிகபட்சமாகப் பொருந்திச் சந்திக்கும்படி எல்லாக் கேமரா நிலைகளையும், லென்ஸின் குறைகளையும்கூட, ஒரே சமன்பாட்டுத் தொகுதியில் சரிசெய்யும். கதிர்க்கற்றைச் சரிக்கட்டல் எனலாம். இந்தக் கணக்கு 1950-களிலேயே வான்படங்களுக்காக டுவேன் பிரவுன் உருவாக்கியது. கணினிக்கு அப்போது வலு போதவில்லை. 2009-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று, யாரோ எடுத்து இணையத்தில் போட்ட ஒன்றரை லட்சம் ரோம் நகரப் படங்களை ஒரே நாளுக்குள் பொருத்திக் காட்டியது. அதன்பின் அகிசாஃப்ட் என்று விலைக்கும், மெஷ்ரூம், கோல்மேப் என்று இலவசமாகவும் மென்பொருள்கள் வந்துவிட்டன.

படங்களை உள்ளே போட்டால் மாடல் வெளியே வருகிறது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். திரையில் சுழலும் அழகான முப்பரிமாண முகப்பு, அளவில் சரியாக இருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 24 மெகாபிக்சல் கொண்ட முழுச்சட்டக் கேமராவின் உணர்வி 36 மில்லிமீட்டர் அகலம், அதில் 6,000 பிக்சல்கள். அதாவது ஒரு பிக்சல் 0.006 மில்லிமீட்டர். 24 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு, சுவரிலிருந்து 8 மீட்டர் தள்ளி நின்றால், ஒரு பிக்சல் சுவரில் 2 மில்லிமீட்டர் இடத்தைப் பார்க்கிறது. ஒரு படத்தில் 12 மீட்டர் நீளச் சுவர் விழும். அடுத்தடுத்த படங்கள் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும் என்றால், 2.4 மீட்டர் நகர்ந்து அடுத்ததை எடுக்க வேண்டும். இது அகலத்தின், உயரத்தின் கணக்கு. ஆழத்தின் கணக்கு வேறு. ஆழப் பிழை என்பது, சுவர்த் தூரத்தை இரண்டு நிலைகளுக்கு இடையிலான தூரத்தால் வகுத்து வரும் மடங்கில் பெருகும். 2.4 மீட்டர் நகர்ந்து எடுத்த இரண்டு படங்களில் கணினி அரை பிக்சல் பிசகினால் ஆழத்தில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் பிழை வரும். நின்ற இடத்திலிருந்து ஓரடி ஒன்றரையடி, சரியாகச் சொன்னால் 40 சென்டிமீட்டர் மட்டும் நகர்ந்திருந்தால் அதே பிசகு 20 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஓரிடத்தில் நின்றபடி கேமராவை மட்டும் இடமும் வலமும் திருப்பி நூறு படம் எடுத்தால்? நூறு படத்திலிருந்தும் ஆழம் கிடைக்காது, விரல் நீட்டுகிற ஆள் ஒருவரே என்பதால். சரி, நிறைய நகர்ந்துவிடலாமே என்றால், கோணம் மிக மாறிவிட்ட படத்தில் அதே புள்ளியைக் கணினியால் அடையாளம் காண முடியாது. ஆகவே அருகருகே நிறையப் படங்கள், கணக்குக்குத் தள்ளித் தள்ளி நிற்கும் ஜோடிகள் என்று இரண்டும் வேண்டும்.

இன்னொரு பொறி, நீண்ட தெரு. சுவருக்கு நேராகவே நின்று வரிசையாக எடுத்துக்கொண்டு போனால், லென்ஸின் வளைவைப் பற்றிய கணினியின் சிறு தவறு படத்துக்குப் படம் சேர்ந்து, நேரான தெரு திரையில் லேசான வில்லாக வளைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. வரைபடத்தில் மாட்டிக்கொள்ளும். இதற்கு மருந்து சாய்வாகவும் படங்கள் எடுப்பது, டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி வைத்து சுவரில் அங்கங்கே சில புள்ளிகளைத் தனியே அளந்து மென்பொருளுக்குக் கொடுப்பது. அப்படி அளந்தவற்றில் சிலவற்றைக் கொடுக்காமல் ஒளித்து வைத்துக்கொண்டு, மாடல் முடிந்ததும் அவற்றோடு ஒப்பிட வேண்டும். மென்பொருள் தன் அறிக்கையில் தானே எழுதிக்கொள்ளும் பிழை அளவு, மாணவரே திருத்திக்கொண்ட விடைத்தாள் மதிப்பெண்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படங்களுக்கு அளவு தெரியாது. எத்தனை ஆயிரம் படம் எடுத்தாலும், கிடைப்பது வடிவம் மட்டுமே. அது 12 மீட்டர் உயர மாளிகையா, அதே வடிவில் செய்த 12 சென்டிமீட்டர் பொம்மையா என்பதைக் கதிர்கள் சொல்லாது. சுவரில் ஒரு தெரிந்த நீளம் வேண்டும். ஒரு அளவுகோலைச் சாத்தி வைத்தாலே போதும். இதைச் செய்யாமல் விட்ட ஆவணம் பிற்காலத்தில் படும் பாடு சொல்லி மாளாது. அப்போது கதவு நிலை இருந்தால் நிலையை வைத்து, செங்கல் தெரிந்தால் செங்கல்லை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும்.

மரபுக் கட்டடங்களை ஆவணப்படுத்துவதற்கென 1968-இல் அமைந்த சிபா என்ற பன்னாட்டுக் குழு இதற்கெல்லாம் எளிய விதிகள் வகுத்திருக்கிறது. பீட்டர் வால்ட்ஹொய்சல், கிளிஃப் ஓக்லெபி ஆகியோர் தொகுத்தவை. வடிவியலுக்கு மூன்று, ஒளிப்படத்துக்கு மூன்று, வேலையை ஒழுங்குபடுத்த மூன்று. ஜூமைத் தொடாதே, சீரான வெளிச்சத்தில் எடு, நின்ற இடங்களைக் குறித்த கைவரைபடம் வை என்கிற மாதிரியானவை. ஃபிலிம் காலத்து விதிகள்தான், ஆனாலும் ஒன்றுகூடச் செல்லாமல் போகவில்லை.

விதி ஒருபுறம், தெரு ஒருபுறம். பழைய நகரத் தெருக்கள் குறுகியவை. 4 மீட்டர் அகலத் தெருவில் 10 மீட்டர் உயர முகப்பின் உச்சியை எதிர்ச்சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பார்த்தால், கேமரா 65 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். கொடுங்கையின் அடிப்பக்கம் தெரியும், அதற்கு மேலே இருக்கும் கைப்பிடிச் சுவரும் சுதைச் சிற்பமும் தெரியாது. எதிர்வீட்டு மொட்டைமாடிக்கு ஏற அனுமதி கேட்பது இந்த வேலையின் பாதி. (மீதிப் பாதி, கீழே நிற்கும் இருசக்கர வாகனங்களை நகர்த்தச் சொல்வது.) ஐந்தாறு மீட்டர் கம்பத்தின் நுனியில் கேமராவைக் கட்டி, கீழிருந்து செல்பேசியால் இயக்குவதும் உண்டு. டிரோன் வசதிதான். ஆனால் நம் ஊர்த் தெருக்களில் மின்கம்பி, கேபிள் கம்பி, காற்றாடி நூல் எல்லாவற்றுக்கும் நடுவே அதைப் பறக்கவிடுவதற்குத் துணிவும், 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி அந்த வானம் எந்த மண்டலம் என்ற விவரமும் வேண்டும்.

நடந்து போகும் ஆட்கள் பெரிய தொல்லையில்லை. ஒரு படத்தில் இருந்து அடுத்ததில் இல்லாதவரைக் கணினி பொருட்படுத்தாது. நின்றுகொண்டே இருக்கும் விளம்பரப் பலகையும் வேப்பமரமும்தான் தொல்லை. வெயில் இன்னொன்று. காலையில் தொடங்கி மதியம் முடித்தால் நிழல் நகர்ந்திருக்கும், நிழலின் விளிம்பைக் கட்டடத்தின் விளிம்பு என்று கணினி நினைத்துக்கொள்ளும். மேகம் மூடிய ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கிடைத்தால் அதைவிட நல்ல பொழுது இல்லை. ஒரே அச்சில் வார்த்த சன்னல்கள் வரிசையாக இருந்தால் மூன்றாவதை நான்காவது என்று மயங்கி, ஒரு சன்னலையே விழுங்கிவிட்ட மாடல்களும் வரும். வெள்ளையடித்த வெறும் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு புள்ளியும் இராது. கண்ணாடியும் பளபளப்பும் மோசம், பளபளப்பு பார்ப்பவரோடு சேர்ந்து நகரும். செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சின் வழவழப்பு நமக்குப் பெருமை. இந்த மென்பொருளுக்கோ அது ஒரு ஓட்டை. அழுக்கும் வெடிப்பும் நிறைந்த, பராமரிப்பற்ற பழைய சுவர்தான் அதற்கு மிகவும் பிடித்தது.

இவ்வளவும் செய்தபின் கையில் வருவதில் மிகப் பயனுள்ளது, சுழலும் மாடல் அல்ல, ஆர்த்தோபோட்டோ எனப்படும் தட்டையான படம். முகப்பின் ஒவ்வொரு புள்ளியையும் அதற்கு நேரெதிரே நின்று பார்த்ததுபோல் ஆக்கிய படம் அது. தொலைவால் சிறுத்தல், மேலே போகப்போகக் கூம்புதல் எதுவும் இராது. அதன்மேல் நேரடியாக அளவுகோலை வைக்கலாம். சாதாரணப் படத்தை நிமிர்த்தி, சதுரமாக்கி வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தட்டையான சுவருக்குப் போதும். ஆனால் 8 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்த படத்தில், மையத்திலிருந்து 4 மீட்டர் பக்கவாட்டில், சுவரைவிட்டு 1 மீட்டர் முன்னே வந்த பால்கனியின் விளிம்பு இருந்தால், அது தன் உண்மையான இடத்தைவிட்டு 57 சென்டிமீட்டர் தள்ளி விழும். உப்பரிகையும் தூணும் கொடுங்கையும் நிறைந்த முகப்பில் இது பிழை அல்ல, கேலிக்கூத்து.

ஆர்த்தோபோட்டோவின்மேல் கோடு இழுத்துக் கட்டடக் கலைஞர் வரைபடம் செய்கிறார். பொறியாளர் வெடிப்பு எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று குறிக்கிறார். உதிர்ந்த பூச்சின் பரப்பைக் கணக்கிட்டு ஒப்பந்தக்காரருக்கு மதிப்பீடு தரலாம். ஐந்து வருடம் கழித்து அதே இடங்களிலிருந்து மறுபடி எடுத்து ஒப்பிட்டால், சுவர் வெளிப்பக்கம் சாய்கிறதா என்பதும் தெரியும். தெரு முழுவதற்கும் இப்படி ஒரு நீள்படம் இருந்தால், புதிதாகக் கட்டுபவர் எந்த உயரத்தோடு, எந்த வரிசையோடு பொருந்த வேண்டும் என்று விதி எழுதுவது ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் வாய்ச்சண்டையாக இராது.

லேசர் ஸ்கேனர் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்றால், நியாயமான கேள்வி. லேசர் தூரத்தை நேரடியாகவே அளக்கிறது, வெள்ளைச் சுவரும் அதற்குப் பிரச்சினையில்லை. பாரிஸின் நோத்ர தாம் பேராலயம் 2019-இல் எரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் அதை லேசரால் அளந்து வைத்திருந்தது பெரிய உதவியாயிற்று. ஆனால் கருவியின் விலை ஒரு கல்லூரித் துறையின் வருட நிதியை விழுங்கும். கேமரா எல்லோரிடமும் இருக்கிறது. நிறம், கறை, எழுத்து, செதுக்கலின் நுணுக்கம் ஆகியவற்றில் படமே மேல். பணம் இருப்பவர்கள் இரண்டையும் சேர்த்துச் செய்கிறார்கள்.

இரண்டாலும் ஆகாத ஒன்றும் உண்டு. கேமரா தோலைத்தான் பார்க்கிறது. பூச்சுக்குப் பின்னால் செங்கல்லா கல்லா, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது, இந்தச் சன்னல் ஆதியில் இருந்ததா பின்னால் உடைத்து வைத்ததா என்பதெல்லாம் தொட்டுப் பார்ப்பவருக்கும் தட்டிப் பார்ப்பவருக்கும் தெரியும். தூக்குக்குண்டு விட்டு, டேப் பிடித்து, பென்சிலால் வரையும் மாணவர் ஒரு வாரம் அந்தச் சுவரோடு இருக்கிறார். அந்த ஒரு வாரத்தில் கொத்தனாரின் கணக்கு அவருக்குப் புரியத் தொடங்குகிறது. மென்பொருள் வந்துவிட்டது என்பதற்காகக் கட்டடக்கலைக் கல்லூரிகள் கை அளவையை விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவர்கள் கையில் ஆர்த்தோபோட்டோவின் அச்சுப்படியைக் கொடுத்து, சுவர் எதிரே நிற்க வைத்து, பார்த்ததையெல்லாம் அதன்மேல் குறிக்கச் சொல்வதே நல்ல வழி.

புதுச்சேரிக் கடற்கரையில் நின்ற மேரி கட்டடம் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டினார்கள். அது அரசுக் கட்டடம், புகழ்பெற்றது, எல்லோரும் படமெடுத்தது. காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றின் பர்மாத் தேக்குத் தூண்கள் பழம்பொருள் கடைக்குப் போகும் நாளில், சென்னை ஜார்ஜ் டவுன் சந்தில் ஒரு கடைவீட்டின் மரச்சட்ட முகப்பைப் பெயர்த்து ஷட்டர் போடும் நாளில், அளவோடு கூடிய ஒரு படம் யாரிடம் இருக்கும்? எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது, எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்றும் இல்லை. அந்த வீட்டில் வாழ்கிறவர்களுக்குக் கழிப்பறையும் காற்றோட்டமும் வேண்டும். போகிற முகப்பு அளவைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்பதுதான் இந்தத் தொழில்நுட்பம் தரும் வசதி.

அப்படி எடுத்தவையும் எங்கே போகின்றன என்று பார்க்க வேண்டும். திட்டம் முடிந்ததும் மாடலை இணையத்தில் ஏற்றி, பாராட்டு வாங்கி, மூலப் படங்களை வட்டில் இடமில்லை என்று அழித்துவிடுகிற பழக்கம் பரவியிருக்கிறது. இது தலைகீழ். மாடல் இன்றைய மென்பொருளின் திறனுக்கு ஏற்பச் செய்தது. அடுத்த பத்தாண்டின் மென்பொருள் அதே படங்களிலிருந்து இன்னும் நுணுக்கமாக எடுக்கும், படங்கள் இருந்தால். 1990-களில் செய்த பல முப்பரிமாணக் கோப்புகளைத் திறக்க இன்று மென்பொருள் தேட வேண்டியிருக்கிறது. அதே காலத்து ஜேபெக் படங்கள் எந்தச் செல்பேசியிலும் திறக்கின்றன. மைடன்பவர் வரைபடத்தை அவசரமாக்காமல் தகட்டைப் பத்திரப்படுத்தியது இந்த அர்த்தத்தில் இன்றைய பல திட்டங்களைவிட முன்னேறிய சிந்தனை.

உங்கள் தெருவில் இன்னும் சில வருடம்தான் நிற்கும் என்று தோன்றுகிற பழைய வீடு இருந்தால், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு ஒரு மேகமூட்டமான காலையில் படமெடுத்து வையுங்கள். செல்பேசி போதும். ஜூம் செய்யாதீர்கள். இரண்டிரண்டு அடியாக நகர்ந்து, நேராகவும் சாய்வாகவும், தெருமுனையிலிருந்தும் எதிர்மாடியிலிருந்தும் எடுங்கள். சுவரில் ஒரு மீட்டர் அளவுகோலையாவது சாத்தி வையுங்கள். கதவு நிலையின் அகலத்தையும் உயரத்தையும் டேப்பால் அளந்து, தேதியோடு ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளையும் படமெடுத்துச் சேர்த்துவிடுங்கள். பிறகு அந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிச் சேமிக்காதீர்கள். அது படத்தைச் சுருக்கி, எந்த லென்ஸில் எடுத்தது என்ற விவரத்தையும் கழித்துவிடும். மூலக் கோப்புகளை அப்படியே இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று உங்கள் ஊர் நூலகத்திலோ கல்லூரியிலோ, அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் எவரிடமாவது.